விடுவதற்காகப் பிடிப்பது

என் தங்கை மகன் ஒரு நாள் காலை எடை பார்க்கும் பொறியின்மேல் ஏறி நின்றுகொண்டு, "மாமா, உள்ளதை எழுதட்டுமா, இல்லே ரெண்டு கிலோ குறைச்சுப் போடட்டுமா?" என்று கேட்டான்.

கையிலே ஒரு படிவம். அலாஸ்காவில் சாலையே போகாத ஓர் ஆற்றங்கரையில் இருக்கிற மீன்பிடி விடுதி ஒன்று அனுப்பியிருந்த படிவம் அது. உடம்பின் எடை என்ன, பையின் எடை என்ன, செருப்பு அளவு என்ன, தீராத நோய் ஏதாவது உண்டா, ஆபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். தண்ணீரிலே இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்புகிற சின்ன விமானத்தில்தான் அங்கே போகவேண்டும். ஐந்தாறு பேர் கொள்ளும் விமானம். அதிலே ஆளின் எடையையும் மூட்டையின் எடையையும் சேர்த்துக் கூட்டித்தான் யாரை எங்கே உட்கார்த்துவது என்று தீர்மானிப்பார்களாம். ஆளுக்கு 50 பவுண்டுக்குமேல் சாமான் கூடாது. பெட்டியும் கூடாது, மடங்குகிற துணிப்பையாக இருக்க வேண்டும்.

"உள்ளதையே எழுது. பொய் சொன்னால் விமானம் எழும்பாமல் போய்விடும்" என்றேன்.

எழுதினான். அதற்கு அடுத்த கேள்வி, 'தாங்கள் உண்ணாத உணவு எது?' என்பது. அதற்கு எதிரே அவன் கொஞ்சமும் தயங்காமல், 'இறைச்சி, முட்டை, மீன்' என்று எழுதினான்.

நான் சிரித்துவிட்டேன். மீன்பிடி விடுதிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் போகிறவன், மீன் சாப்பிடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போடுகிறான்! அவனும் சிரித்தான். ஆனால் எங்கள் இருவர் சிரிப்பும் ஒரே காரணத்தால் வந்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பையன் சியாட்டில் நகரத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கிறான். பையன் என்று நான் சொல்கிறேனே தவிர, காதோரம் நரைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து சைவம். அமெரிக்காவுக்குப் போயும் அது மாறவில்லை. அவனுடன் வேலை பார்த்த ஒருவர் பழக்கிவிட்டதால் இந்தத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்று நான் சொல்லவில்லை. அவன் மனைவி சொன்னது. சென்ற கோடையில் நான் போய்த் தங்கியிருந்தபோது, புறப்படுவதற்கு முந்திய மூன்று வார ஏற்பாடுகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் கூட இத்தனை கவலையோடு சாமான் ஜாபிதா போட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மேஜை அவன் வசமாகிவிட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். மேஜைமேல் நான்கு துண்டாகக் கழற்றி வைக்கிற கோல்கள் இரண்டு: டிரவுட் மீனுக்கு மெல்லியது, சால்மன் மீனுக்குத் தடித்தது. மிதக்கும் கயிறு, அமிழும் கயிறு. மார்பு வரை வருகிற, நீர் புகாத காலுடை. அதற்குமேல் போடுகிற கனத்த பூட்ஸ். பூட்ஸின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாசி வழுக்காமலிருக்க முன்னெல்லாம் அடியிலே கம்பளி வைத்துத் தைப்பார்களாம். அந்தக் கம்பளி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஓர் ஆற்றின் நோய்க் கிருமியையும் பாசியையும் இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது என்று 2012-ஆம் ஆண்டிலிருந்து அலாஸ்காவின் ஆறுகளில் அதைத் தடை செய்துவிட்டார்கள். 'அடுத்த ஆற்றுக்குள் இறங்குமுன் காலைக் கழுவு' என்பது கோயில் வாசலில் மட்டும்தான் சட்டம் என்று நான் எண்ணியிருந்தேன்.

சாயங்காலங்களில் எதிரேயிருந்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்க் கயிறு வீசிப் பழகுவான். முள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துணுக்குக் கம்பளி நூல். கயிறு பின்னால் போய் நீண்டு விரிகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு முன்னால் வீசவேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் வித்தையாம். புல்தரையில் மீன் பிடிக்கிற இந்த மனிதனை இரண்டு சிறுவர்கள் வேலியோரம் நின்று வெகு நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இரை முழுவதும் பொய். முள்ளிலே இறகையும் மயிரையும் நூலையும் கட்டி, ஆற்றின் மேல் பறக்கிற பூச்சி மாதிரி செய்துவிடுவார்கள். இதுவும் இன்று நேற்று வந்த தந்திரமல்ல. மாசிடோனியா நாட்டில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடிக்கிறார்கள் என்று, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். என் மருமகன் பெட்டியில் பூச்சி மட்டுமல்ல, மான் மயிரால் செய்த சுண்டெலியும் இருந்தது. நீந்திக் கரை சேர முயல்கிற எலியை அந்த ஊர் டிரவுட் விழுங்கிவிடுமாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருந்தது பாசிமணி. சாதாரணப் பிளாஸ்டிக் மணிதான். கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வருகிற சால்மன் மீன்கள் கோடை முடிவில் கூழாங்கல்லுக்கிடையே முட்டையிடும். உருண்டு வருகிற முட்டைகளைத் தின்பதற்காகப் பின்னாலேயே டிரவுட் கூட்டம் காத்திருக்கும். முட்டையைப் போன்ற ஒரு மணியைக் கயிற்றில் கோத்து, அதற்கு அடுத்தாற்போல் ஒரு வெறும் முள்ளைக் கட்டிவிட்டால் போதும். ஆனால் நிறம் சரியாக இருக்கவேண்டும். புது முட்டை ஒரு சிவப்பு; இரண்டு நாளாகி வெளுத்த முட்டை வேறொரு சிவப்பு. அதற்காக என் மருமகன் மனைவியின் நகப்பூச்சுக் குப்பிகளை எடுத்து, பல்குத்தும் குச்சியில் மணிகளைச் செருகி, ஒவ்வொன்றாகச் சாயம் பூசிக் காயவைத்தான். "நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்னு கேட்டா இந்தக் கலர் எல்லாம் வீட்டிலே இருந்ததேயில்லை" என்றாள் அவள்.

வேடிக்கைக்காக இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஓர் உயிரைப் பற்றி இவ்வளவு கவனமாகத் தெரிந்துகொண்ட ஒருவனைப் பார்த்தால் அது அன்பு என்றுதான் தோன்றும். எந்த மாதத்தில் அது எதைத் தின்னும், எந்தக் கல்லின் நிழலில் நிற்கும், எவ்வளவு குளிர்ந்த நீரில் சுறுசுறுப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தன் பெண்ணுக்கு எந்தக் காய் பிடிக்கும் என்று கேட்டால் அவ்வளவு சடுதியில் பதில் வராது. இந்த அறிவெல்லாம் கடைசியில் அதை ஏமாற்றுவதற்கு என்பதுதான் என்னை உறுத்தியது.

பெட்டியின் ஒரு மூலையில், தனியே பஞ்சில் பொதிந்து, பழைய தூண்டில் பூச்சி ஒன்று இருந்தது. அந்தச் சிநேகிதர் தம் பாட்டனாரிடமிருந்து வந்ததென்று கொடுத்தாராம். அதன் கன்னத்திலே ஓர் இறகு. கரிய இறகின் நுனியில் மெழுகு சொட்டி உறைந்ததுபோல் வெண்மஞ்சளாக ஒரு புள்ளி. பார்த்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் ஊர் காட்டுச் சேவலின் கழுத்து இறகு! மேற்குத் தொடர்ச்சி மலையடியில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஆங்கிலத் துரைமார்கள் சால்மன் பிடிக்கிற அலங்காரப் பூச்சிகளுக்கு இந்த இறகைத்தான் கண்ணாக வைத்தார்கள். அதற்காக எத்தனையோ சேவல்கள் வேட்டையாடப்பட்டன. பிற்பாடு இந்தியா ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஒரு மீனை மயக்குவதற்குக் களக்காட்டு மலையில் ஒரு சேவல் கூவாமற் போயிருக்கிறது. அவன் அந்தப் பூச்சியை ஆற்றில் இறக்கமாட்டானாம். பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறான்.

அன்றிரவு என் தங்கை ஊரிலிருந்து பேசினாள். அங்கே காலை நேரம். பையன் எங்கேயோ கரடி உலவுகிற காட்டுக்குப் போகிறான் என்ற கவலை. கரடியைப் பற்றி அவன் சமாதானம் சொல்லி முடித்த பிறகு அவள் கேட்டாள்:

"அது கிடக்கட்டும். நீ மீனைக் கொல்லுவியாடா?"

"இல்லேம்மா. பிடிச்ச உடனே விட்டுடுவேன்."

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "விட்டுடறதுக்கா பிடிக்கிறே?" என்றாள்.

என் தங்கை எட்டாவது வகுப்போடு நின்றவள். இந்தக் கேள்வியைப் பற்றி மேல்நாட்டிலே ஐம்பது ஆண்டுகளாக வழக்கும் வாதமும் நடந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டது ஆச்சரியத்தினால்தான். ஆனால் அவன் முகம் மாறிவிட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு அவன் என்னிடம் வாதாட வந்தான். வாதம் ஒன்றும் சொத்தையானதல்ல. "மாமா, முள்ளின் நுனியிலே பின்னாலே திரும்பியிருக்கிற கொக்கியைக் குறடாலே நசுக்கிடறோம். சதையைக் கிழிக்காம வழுகி வந்துடும். மீனைத் தொடறதுக்கு முன்னாலே கையை நனைச்சுக்கறோம். வறண்ட கை பட்டா அதன் உடம்புமேலே இருக்கிற வழவழப்புப் போயிடும். வலைகூட முடிச்சில்லாத ரப்பர் வலை. தண்ணிக்கு மேலே பத்து விநாடி தூக்கி ஒரு படம் எடுத்துட்டு, தலையை ஓட்டத்துக்கு எதிரே காட்டிப் பிடிச்சிருந்து, தெம்பு வந்ததும் விட்டுடுவோம். நூற்றுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் சாகும். அங்கே பல ஆறுகளிலே டிரவுட்டை விட்டே ஆகணும்னு சட்டமே இருக்கு. மீன் கொல்றவங்க கோடிக்கணக்கா இருக்காங்க. கொல்லாம பிடிக்கிறவன் நான். சைவம்னா இதுதானே?"

அவன் சொன்ன விவரங்கள் அத்தனையும் சரி. அமெரிக்காவிலே லீ வுல்ஃப் என்ற பெயர்பெற்ற தூண்டிற்காரர் 1930-களிலேயே, நல்ல மீனைக் கொல்லாமல் ஆற்றுக்கே திருப்பித்தர வேண்டும் என்று பிரசாரம் செய்தார். அந்தப் பிரசாரத்தால் வற்றிப்போகவிருந்த ஆறுகளில் மீன் தழைத்ததும் உண்மை. இருந்தாலும் என் மனம் ஒப்பவில்லை. சாகவில்லை என்றால் துன்பமில்லை என்று ஆகிவிடுமா?

மீனுக்கு வலி உண்டா என்ற கேள்வியை வெகுகாலம் பலர் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2003-ஆம் ஆண்டில் எடின்பரோவிலே ஒரு சோதனை நடந்தது. லின் ஸ்னெடன் என்ற அம்மையாரும் அவருடன் இருந்தவர்களும், இதே டிரவுட் மீனின் உதட்டிலே சிலவற்றுக்குத் தேனீயின் விஷத்தையும் சிலவற்றுக்குக் காடி அமிலத்தையும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த மீன்கள் இங்குமங்கும் அசைந்தாடின. அமிலம் ஏற்றப்பட்டவை தொட்டியின் அடியிலிருந்த கூழாங்கல்லில் உதட்டைத் தேய்த்துக்கொண்டன. ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரையைத் தொடவில்லை. இதை வலியென்று சொல்லலாகாது, வலியை உணர்வதற்கான மூளைப் பகுதியே மீனுக்கு இல்லை என்று மறுக்கிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. தீரட்டும். கல்லிலே உதட்டைத் தேய்த்துக்கொள்கிற ஒரு பிராணியைப் பார்த்துவிட்டு, தீர்ப்பு வருகிறவரை அதன் உதட்டில் முள் மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுப்பது நீதிமன்ற வழக்கம். இங்கே குற்றம் செய்யாதவனல்லவா தூண்டிலில் தொங்குகிறான்?

இதிலே நானும் யோக்கியனல்ல. கல்லிடைக்குறிச்சியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தாமிரபரணிக் கரையில் தினமும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் பக்கத்தில் போய் உட்காருவேன். வீட்டுக்குத் தெரியாமல்தான். ஒரு நாள் கெஞ்சிக் கூத்தாடித் தூண்டிலை வாங்கிப் பிடித்தேன். தக்கை அமிழ்ந்தது, இழுத்தேன், ஒரு கெண்டை மேலே வந்து வெயிலிலே துள்ளிற்று. அந்தத் துடிப்பு கோல் வழியாக வந்து கையிலே ஏறி நெஞ்சுவரை போனதை இன்றைக்கும் என்னால் உணர முடிகிறது. அந்த இன்பத்தைப் பொய்யென்று சொன்னால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். மறுகணம் பயம். மீனோடு வீட்டுக்குப் போகமுடியுமா? முள்ளைக் கழற்றி ஆற்றிலே போட்டுவிட்டேன். ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக நிமிர்ந்து பார்த்தேன். கிழவருக்கு வந்ததே கோபம்! "உசிரு போற மாதிரி இழுத்துப் போட்டுட்டு, பெறவு என்னலே புண்ணியம்? திங்கதுக்குன்னா பிடி. இல்லன்னா அது சோலியப் பார்க்க விடு" என்றார். அதற்குப் பிறகு தூண்டிலை அவர் என்னிடம் கொடுக்கவில்லை.

அந்தக் கிழவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே சட்டமாக எழுதி வைத்திருக்கிற தேசங்கள் உண்டு என்று நான் பிற்காலத்தில் படித்தபோது திகைத்துப்போனேன். ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டின் பிராணி பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி எந்தப் பிராணிக்கும் வலி உண்டாக்கக் கூடாது என்கிறது. தின்பதற்காகப் பிடிப்பது நியாயமான காரணம். விட்டுவிடுவதென்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு பிடிப்பது அப்படியல்ல என்ற அடிப்படையில் அங்கே வழக்குகள் நடந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டில் வந்த விதிகள், விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே விலக்கிவிட்டன. ஆக, அலாஸ்காவில் பல இடங்களில் விடாவிட்டால் குற்றம். சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே பிடித்தால் குற்றம். இரண்டு சட்டமும் மீனின் நன்மைக்காகத்தான்! ஒன்று மீன் இனத்தைப் பார்க்கிறது. மற்றொன்று முள்ளில் தொங்குகிற அந்த ஒரு மீனைப் பார்க்கிறது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஒரு மீனைத்தான் என்னால் பார்க்க முடிகிறது. இனம் துடிப்பதை யாரும் கையில் உணர்ந்ததில்லை.

கீழ்த்திசை நாடுகளிலும் இதற்கு ஒரு சகோதர வழக்கம் உண்டு. கூண்டிலிருக்கும் பறவையை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவது பௌத்தர்கள் பலருக்குப் புண்ணிய காரியம். அந்தப் புண்ணியத்துக்கு வாடிக்கைக்காரர்கள் பெருகியதும், விடுவிப்பதற்கென்றே பறவைகளைப் பிடித்து விற்கிற வியாபாரமும் பெருகிவிட்டது. கருணை காட்டுவதற்கு ஒரு கைதி வேண்டியிருக்கிறது. கைதி இல்லாவிட்டால் ஒருவனைப் பிடித்தாவது அடைக்க வேண்டியதுதான்.

என் மருமகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க இந்த ஊர்க்காரங்க மாதிரி புத்தகம் படிச்சுட்டுப் பேசறீங்க. அந்த ஆறு யாருடைய ஆறு, அங்கே இருக்கிற ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாருங்க" என்றான். சரியான கேள்விதான். ஆனால் அது அவனுக்குச் சாதகமான கேள்வியல்ல. அது அவனுக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்தத் தென்மேற்கு அலாஸ்காவில் பிரிஸ்டல் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகளில், கோடைதோறும் சாக்கை என்ற சிவந்த சால்மன் மீன் ஏறி வருகிறது. 2022-ஆம் ஆண்டில் ஏறியவை 7 கோடியே 90 லட்சம் என்று கணக்கிட்டார்கள். அதற்கு முன்பு அந்த அளவு கணக்கில் ஏறியதேயில்லை. உலகத்திலே பிடிக்கப்படும் சாக்கை மீனில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்து வருகிறது. அந்த மீனை உலர்த்தியும் புகைபோட்டும் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைக் கடந்தவர்கள் யூப்பிக், டெனைனா முதலிய பழங்குடி மக்கள். தூண்டிற்காரர்கள் அந்தப் பக்கத்து ஆறுகளிலே கூட்டமாக வந்து, பிடித்துப் பிடித்து விட ஆரம்பித்தபோது, யூப்பிக் பெரியவர்கள் மனம் புண்பட்டுப்போனார்கள். மீனுக்கு அறிவுண்டு, தன்னை மதிக்கிறவனுக்கே அது தன்னை ஒப்புக்கொடுக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. தன்னைத் தருவதற்காக வந்த உணவை இழுத்து அலைக்கழித்து, வேண்டாமென்று திருப்பி எறிந்தால், அது அவமதிப்பு. அவமதிக்கப்பட்ட மீன் மறுபடி வராது. அவர்கள் இதற்கு வைத்த பெயர் 'மீனோடு விளையாடுவது' என்பதாம்.

'சோற்றிலே விளையாடாதே' என்று என் தாயார் கையில் ஒரு தட்டுத் தட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. பனியும் பசியும் நிறைந்த ஒரு தேசத்தில் பிறந்த கிழவிக்கும், நஞ்சை வயலோரம் பிறந்த என் தாயாருக்கும் நடுவே எத்தனை கடல்! வாழ்நாளில் மீனைக் கையால் தொடாதவள் அவள். ஆனால் இந்த வழக்கில் அவள் என் மருமகன் பக்கம் நின்றிருக்கமாட்டாள். மீனைக் கொன்று தின்கிறவர் பக்கம்தான் நின்றிருப்பாள். சைவனாகிய நானும் அந்தப் பக்கம் போய் நிற்கிறேனே என்று எனக்கே விந்தையாக இருந்தது. வள்ளுவர் கொல்லாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்னே இன்னா செய்யாமை என்று தனியே இன்னோர் அதிகாரமும் வைத்தார். முதலதைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போய்விட முடியுமென்றால், இரண்டு அதிகாரம் எதற்கு?

ஆனால் அவன் விடவில்லை. அவனிடம் இன்னொரு துருப்பு இருந்தது. அந்த ஆறுகளின் தலைமாட்டிலே செம்பும் தங்கமும் எடுக்கப் பெபிள் என்று ஒரு பெரிய சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் அதற்குத் தடை போட்டது. போராடியவர்களில் பழங்குடியினர் இருந்தார்கள். வலைபோட்டுப் பிழைக்கிறவர்கள் இருந்தார்கள். கூடவே இந்தத் தூண்டிற்காரர்களும் விடுதிக்காரர்களும் இருந்தார்கள். "மீனோடு விளையாடற நாங்களும் சேர்ந்துதான் மாமா அந்த ஆத்துக்காக நின்னோம். நானும் என்னாலானதைக் கொடுத்தேன். ஒரு தடவை கூட அந்தத் தண்ணியிலே நிக்காதவன் எவன் கொடுத்தான்?" என்றான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. என் போன்ற சுத்தமான கைக்காரர்கள், பார்த்தறியாத ஆற்றுக்காக ஒரு காசு கொடுத்ததில்லை. அவன் கொடுத்தான், ஏனென்றால் அந்தத் துடிப்பு அவன் கையிலே ஏறியிருக்கிறது. ஆசையினால் வந்த அன்பாக இருந்தாலும் அது ஆற்றைக் காத்தது. அதனால் மீனின் உதட்டில் முள் மாட்டுவது சரியாகிவிடுமா என்றால், ஆகாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒரு நல்ல காரியத்தைக் கொண்டுபோய் இன்னொரு காரியத்தின் கடனில் வரவு வைக்க முடியாது. ஆனால் அப்படிச் சொல்லும்போது என் குரல் முன்போல் உரத்து வரவில்லை.

குரல் தணிந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவிலே ஒரு பெண்மணி இருந்தார். கணவன் விட்டுப் போய்விட்டான். சாயங்கால வேளைகளில் வந்து என் மனைவியிடம் மனம்விட்டுப் பேசுவார். நான் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருப்பேன், எழுதிக்கொண்டிருப்பதாகப் பெயர். அந்த அம்மாள் எதைச் சொல்லும்போது குரல் உடையும், எதைச் சொல்லாமல் முழுங்குவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு கதை எழுதினேன். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஒரு குழந்தையைக்கூடச் சேர்த்தேன். எழுதி முடித்ததும் அவரைப் பத்திரமாக அவருடைய வாழ்க்கையிலேயே விட்டுவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி. கதை பத்திரிகையில் வந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. ஒரு நாள் அவர் பத்திரிகையும் கையுமாக வந்து அதை என் மேஜைமேல் வைத்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கே போய் மனம்விட்டுப் பேசினாரோ, பேசாமலே இருந்தாரோ, தெரியாது. நான் கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன்.

மருமகன் ஆகஸ்டு மாதக் கடைசியில் புறப்பட்டான். பையைப் பலமுறை தராசில் வைத்து, ஒரு ஜோடிக் காலுறையை எடுத்து, ஒரு கம்பளிச் சட்டையைச் சேர்த்து, 49 பவுண்டில் நிறுத்தினான். கொசுவுக்குத் தைலம், தலைக்கு வலை, மழைச்சட்டை. கரடியை விரட்டுகிற மிளகாய்ப்பொடிக் குப்பியை மட்டும் பயணிகள் விமானத்தில் கொண்டுபோகக் கூடாதாம்; அதை விடுதியிலே தருவார்கள். "நீங்களும் வந்திருக்கலாம் மாமா" என்றான். அழைப்பை உபசாரமாகச் சொல்லவில்லை. போகலாமென்று ஒரு கணம் எனக்கும் ஆசைதான். வாதத்தில் என்ன சொன்னேனோ அது வேறு.

எட்டாம் நாள் திரும்பி வந்தான். முகம் வெயிலில் கறுத்து, கொசுக்கடியால் தடித்திருந்தது. படங்களைக் காட்டினான். தெளிந்த நீர், குட்டையான வில்லோ மரங்கள், எதிர்க்கரையில் ஒரு கரடியும் குட்டிகளும். பிறகு மீன்கள். நகப்பூச்சு மணிகள் நன்றாக வேலை செய்தனவாம். ஒரு படத்தை மட்டும் வேகமாகத் தள்ளினான். நான் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அழகான பெரிய டிரவுட். பக்கத்திலே ரோஜா நிறப் பட்டை. ஆனால் ஒரு பக்கத்துத் தாடை ஓரம் கோணிக்கொண்டு வளர்ந்திருந்தது. "பழைய தழும்பு. எனக்கு முன்னாலே எத்தனையோ பேர் பிடிச்சிருக்காங்க. இந்த மாதிரி நிறைய வரும்" என்றான்.

சற்றுக் கழித்து அவனாகவே இன்னொன்றைச் சொன்னான். மூன்றாம் நாள் மத்தியானம், வழிகாட்டியாக வந்த அந்த ஊர்ப் பையன் ஒரு சால்மனைப் பிடித்து, தலையில் ஒரே அடி அடித்து, கரையிலேயே அறுத்துச் சுட்டானாம். கூட வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். இவன் கொண்டுபோன ரொட்டியைத் தின்றுகொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தான். "உனக்கு மீன் பிடிக்காதா?" என்று பையன் கேட்டான். "நான் மீன் சாப்பிடறதில்லை" என்றான் இவன். பையன் இவன் கோலைப் பார்த்தானாம், இவனைப் பார்த்தானாம். பிறகு மீனின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு தண்ணீரண்டை போய்விட்டான்.

"அவன் ஒண்ணும் சொல்லலே மாமா" என்று என் மருமகன் இரண்டு முறை சொன்னான்.

அடுத்த கோடைக்கு இடம் பிடித்துவைக்க முன்பணம் அனுப்பும்படி விடுதியிலிருந்து அந்த வாரமே கடிதம் வந்தது. கூடவே அதே படிவம்: உடம்பின் எடை, பையின் எடை, உண்ணாத உணவு. மேஜையின் ஓரத்தில், மீந்துபோன சிவப்பு மணிகளுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. நான் ஊருக்குப் புறப்படுகிற நாள்வரை அவன் அதை நிரப்பவுமில்லை, கிழித்துப் போடவுமில்லை.